என்னைப் போல் இன்னொருத்தி

பன்னிரு திருத்தூதருள் ஒருவரான தோமாவுக்குத் திதிம் என்றொரு பெயரும் உண்டு என்று யோவான் நற்செய்தியில் படிக்கிறோம். தோமா என்பது அரமேயச் சொல். திதிம் என்பது கிரேக்கச் சொல். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: இரட்டை. அவருடன் பிறந்த மற்றவர் ஆணா பெண்ணா, எங்கே வாழ்ந்தார், என்ன ஆனார் என்று மறைநூல் ஒன்றும் கூறவில்லை. சென்னைச் சாந்தோமில் தோமையாரின் பெயர் நிலைத்து நிற்கிறது. அவருடைய இரட்டையின் பெயரோ எங்குமே இல்லை.

இன்று நிலைமை வேறு. மாணவியரே, உங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இரட்டை உருவாகிக்கொண்டிருக்கிறாள். அவள் தாய் வயிற்றில் பிறந்தவள் அல்லள்; கம்ப்யூட்டருக்குள் எண்களால் ஆனவள். விஞ்ஞானிகள் அவளை ‘டிஜிட்டல் இரட்டை’ என்று அழைக்கிறார்கள். அவளால் நமக்கு விளையக்கூடிய நன்மை யாது? அவளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரட்டை பிறந்த கதை

1970 ஏப்ரல் 11-ஆம் நாள் அமெரிக்காவின் அப்போலோ 13 விண்கலம் மூன்று வீரர்களுடன் சந்திரனை நோக்கிப் புறப்பட்டது. இரண்டு நாள் கழித்து, பூமியிலிருந்து ஏறக்குறைய 3,20,000 கிலோமீட்டர் தொலைவில், கலத்திலிருந்த பிராணவாயுத் தொட்டி ஒன்று வெடித்தது. மின்சாரம் குறைந்தது, குடிநீர் குறைந்தது, குளிர் வாட்டியது. பழுது பார்க்க யாரும் அங்கே போக முடியாது. ஆனால் அந்த வீரர்கள் பயிற்சி பெற்ற மாதிரிக் கலங்கள் தரையில் இருந்தன. விண்ணிலிருந்து வந்துகொண்டிருந்த அளவுகளைப் பார்த்து, பழுதுற்ற கலம் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்கு மாதிரியையும் கொண்டுவந்தார்கள். கென் மாட்டிங்லி என்ற வீரர், ரூபெல்லா அம்மை தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்தால் கடைசி நேரத்தில் அப்பயணத்திலிருந்து நீக்கப்பட்டவர். எஞ்சியிருந்த சொற்ப மின்சாரத்தில் எந்தக் கருவியை எந்த வரிசையில் இயக்கினால் வீடு திரும்பலாம் என்று கண்டறியும் பணியில் அவரும் மற்றவர்களோடு சேர்ந்து உழைத்தார்; அவ்வரிசையை மாதிரிக் கலத்தில் மீண்டும் மீண்டும் முயன்று பார்த்தார்கள். அங்கே தவறு நேர்ந்தால் மறுபடி தொடங்கலாம். யார் உயிரும் போகாது. சரியான வரிசை கிடைத்ததும் அதை வானொலி வழியே மேலே படித்துச் சொன்னார்கள். ஏப்ரல் 17 அன்று மூவரும் பசிபிக் கடலில் பத்திரமாக வந்து இறங்கினார்கள். (மாட்டிங்லிக்கு அந்த அம்மை கடைசிவரை வரவேயில்லை!)

டிஜிட்டல் இரட்டையின் தத்துவம் முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது எனலாம். ஒரு பொருளின் உருவத்தைப் போல் இன்னோர் உருவம் செய்வது பொம்மை. அதுவே அப்பொருளிலிருந்து இடைவிடாமல் வரும் செய்திகளை வாங்கி அதன் நிலைக்கேற்பத் தானும் மாறிக்கொண்டே இருக்குமானால், ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்?’ என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை சொல்லுமானால், அது இரட்டை. கொலு பொம்மைக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். பிள்ளை என்பது சற்று அதிகம்தான்.

2002-இல் மைக்கேல் கிரீவ்ஸ் என்ற அமெரிக்கர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இந்தக் கருத்தை முறைப்படி எடுத்துரைத்தார். 2010-இல் நாசாவின் தொழில்நுட்பத் திட்ட ஆவணத்தில் ‘டிஜிட்டல் இரட்டை’ என்ற பெயர் இடம்பெற்றது. அதன்பின் விமான எஞ்சின்களுக்கும், ஆலைகளுக்கும், பாலங்களுக்கும், ஏன், சிங்கப்பூர் போன்ற ஒரு நகரம் முழுவதற்குமே இரட்டைகள் செய்தார்கள். எஞ்சினுக்குச் செய்ததை மனிதருக்கும் செய்தால் என்ன என்ற எண்ணம் பிறக்க அதிக காலம் ஆகவில்லை.

உடலுக்கு ஓர் ஒத்திகை

பதுவைப் பதியரான புனித அந்தோனியாரை அறியாத வீடு நம்மில் இல்லை. அதே பதுவை நகரின் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் விர்ஜீனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஒரு பணியை அவ்வளவாக யாரும் அறியார். குழந்தைப் பருவத்திலேயே சிலருக்கு வரும் முதல் வகை நீரிழிவு நோயில், கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை. ஊசி வழியாகவோ, உடலோடு அணிந்த சிறு பம்பு வழியாகவோ அதைச் செலுத்த வேண்டும். அளவு குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். கூடினால் சர்க்கரை விழுந்து மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். கணிதத்தில் தவறினால் மதிப்பெண் போகும். இந்தக் கணக்கில் தவறினால் பிள்ளை போய்விடும்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டபோது, 1921-இல், கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களின் மீதுதான் சோதனை செய்தார்கள். பிற்காலத்தில் பம்புகளைத் தாமாகவே இயங்கச் செய்யும் முறைகளை வகுத்தபோதும் முதலில் விலங்குகளின் மீது சோதித்துப் பார்ப்பதே வழக்கம். அவ்விரு பல்கலைக்கழகத்தாரோ பெரியவர், வளரிளம் பருவத்தினர், குழந்தைகள் என 300 ‘கம்ப்யூட்டர் நோயாளிகளை’ உருவாக்கினார்கள். இட்டலி உண்டதும் சர்க்கரை எப்படி ஏறும், ஊசி போட்டதும் எப்படி இறங்கும் என்பதை ஒவ்வொரு நோயாளியின் உடல்வாகுக்கும் தனித்தனியே கணக்கிட்டுச் சொல்லும் சமன்பாடுகள் அவை. (இட்டலி என் சேர்க்கை, பதுவையில் வேறு ஏதேனும் உண்டிருப்பார்கள்.) 2008-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இத்தகைய பம்பு முறைகளை மனிதரிடம் சோதிக்குமுன் விலங்குச் சோதனைக்கு மாற்றாக இதை ஏற்றுக்கொள்ளலாம் என்று இசைந்தது. பல ஆண்டுகளின் வேலை அதனால் சுருங்கியது. இன்று தோலின் கீழ் வைத்த மெல்லிய உணர்கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரை அளவைச் சொல்ல, பம்பு தானே கணக்கிட்டு இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் செலுத்தும் கருவிகள் புழக்கத்தில் உள்ளன. பெற்றோர் இரவில் எழுந்து எழுந்து குழந்தையின் விரலைக் குத்திப் பார்க்க வேண்டிய துன்பம் அக்கருவி உள்ள வீடுகளில் பெரிதும் குறைந்திருக்கிறது. அதன் விலைதான் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாததாக இருக்கிறது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடாலியா டிரயனோவா என்ற பேராசிரியை இருக்கிறார். பல்கேரியா நாட்டில் பிறந்தவர். விஞ்ஞானம் ஆண்பிள்ளைகளின் பாடம் என்று இன்னும் எண்ணும் பெற்றோர் யாரேனும் இருந்தால் அவர்களுக்காகவே இப்பெயரைக் குறிப்பிடுகிறேன். மாரடைப்பு வந்து பிழைத்தவரின் இதயத்தில் தழும்பு இருக்கும். மின்னோட்டம் அத்தழும்பைச் சுற்றிச் சுழன்று இதயத்துடிப்பைத் தாறுமாறாக்குவதுண்டு. சுழலுக்குக் காரணமான இடத்தைக் கண்டுபிடித்துச் சுட்டுவிட்டால் துடிப்பு சீராகும். ஆனால் அந்த இடத்தை உயிருள்ள இதயத்திற்குள் கம்பியை விட்டு மணிக்கணக்காகத் தேட வேண்டும். டிரயனோவா குழுவினர் நோயாளியின் இதயத்தை எம்.ஆர்.ஐ. கருவியால் படம் எடுத்து, தழும்பு உட்பட அப்படியே கம்ப்யூட்டரில் கட்டுகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்கவைத்து, எங்கே சுட்டால் அடங்குகிறது என்று பார்க்கிறார்கள். சுட்டபின் வேறோர் இடத்தில் புதிதாகச் சுழல் கிளம்புமா என்றும் பார்க்கிறார்கள். அதன் பிறகே நோயாளியைத் தொடுகிறார்கள். இம்முறையில் சிகிச்சை பெற்ற முதல் சிலரின் விவரம் 2018-இல் வெளியாயிற்று. நோயாளி துன்புறாமல் அவருடைய இரட்டை துன்புறுகிறது. வேதனை அறியாத ஒன்றின் மீது வேதனையைச் சுமத்திப் பார்ப்பதில் யாருக்கும் பாவமில்லை.

பெண்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை ஒன்று உண்டு. மருந்துகளின் அளவு நெடுங்காலம் ‘சராசரி மனிதன்’ ஒருவனை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. அவன் பெரும்பாலும் ஆண். 1977-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கருத்தரிக்கக்கூடிய பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கும்படி அறிவுறுத்தியது. கருவிலிருக்கும் குழந்தையைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆயினும் அதன் விளைவாகப் பெண்ணுடலைப் பற்றிய அறிவே குறைந்துபோயிற்று. 1993-இல்தான் அந்த அறிவுரை மாற்றப்பட்டது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அது சுமார் இருபது ஆண்டுகள் விற்பனையில் இருந்த பிறகு, 2013-இல், பெண்களுக்கு அதன் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கும்படி ஆணை வந்தது. பெண்ணுடலிலிருந்து அம்மருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. இரவில் விழுங்கியது காலையில் வண்டி ஓட்டும்போதும் இரத்தத்தில் நிற்கிறது. ஒவ்வொருத்திக்கும் அவளவளுடைய இரட்டை இருந்து, மருந்தை முதலில் அதற்குக் கொடுத்துப் பார்க்கும் நாள் வருமானால், இப்படி இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே, இரட்டை என்றதும் அஞ்சி ஒதுங்குவது அறிவுடைமை ஆகாது.

எனினும் ஓர் எச்சரிக்கை. இரட்டையைக் கட்டுவது அளவுகளால். அளவு பிழையானால் இரட்டையும் பிழையே. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு பார்க்கும் சிறு கருவியைப் பலர் வீட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கணக்கிடுவது அது. தோலின் கருநிறமும் ஒளியை உறிஞ்சும் அல்லவா? 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, ஆபத்தான அளவுக்குப் பிராணவாயு குறைந்திருந்தும் ‘நலம்’ என்று கருவி காட்டிய தவறு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததாகக் காட்டியது. கருவி பொய் சொல்ல நினைக்கவில்லை. பெரும்பாலும் வெளுத்த தோலிலேயே அதைப் பழக்கியிருந்தார்கள். வேற்று நாட்டு உடல்களின் கணக்கைக்கொண்டு நம் ஊர்ப் பெண்ணுக்கு இரட்டை கட்டினால், அது அவளுடைய இரட்டை ஆகாது. வேறு யாருடைய இரட்டையோ அவள் பெயரைச் சூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மனத்துக்கும் இரட்டையா?

உடலைப் பொறுத்தவரை இவை திருத்தக்கூடிய குறைகள். இரத்தமும் இதயமும் இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. அளவுகளைத் திருத்தினால் இரட்டையும் திருந்தும். மனிதரின் எண்ணத்துக்கும் விருப்பத்துக்கும் இரட்டை செய்யப் புகும்போதுதான் செய்தி சிக்கலாகிறது.

2024 நவம்பரில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வேறு சிலரோடு இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பல தரப்பைச் சேர்ந்த 1,052 பேரிடம் ஆளுக்கு இரண்டு மணி நேரம் பேட்டி கண்டார்கள். கண்டது மனிதர் அல்லர், செயற்கை நுண்ணறிவு. பிறந்த ஊர், பிழைப்பு, குடும்பம், அரசியல் கருத்து எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பேட்டியைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் ஓர் இரட்டை செய்தார்கள். பிறகு மனிதர்களிடமும் இரட்டைகளிடமும் ஒரே வினாத்தாளைக் கொடுத்தார்கள். இங்கே கவனமாகப் படியுங்கள். மனிதர்களிடம் அதே வினாத்தாளை இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுத்தார்கள். ஒருவர் தாம் முன்பு சொன்ன விடைகளையே இரண்டாம் முறையும் எவ்வளவு தூரம் சொல்கிறாரோ, அதை 100 என்று வைத்துக்கொண்டால், அவருடைய இரட்டை அவ்விடைகளை 85 அளவுக்குச் சரியாகச் சொல்லிற்று.

இரண்டு மணி நேரப் பேச்சிலிருந்து இவ்வளவா என்று உலகம் வியந்தது. வியப்புக்குரியதுதான். எனக்கோ அந்த ஆய்வின் வேறொரு பகுதியே பெரிதாகத் தோன்றுகிறது. இரண்டே வாரத்தில் மனிதர்கள் தாங்கள் சொன்னதையே சிறிது மாற்றிச் சொன்னார்கள். யாரும் அவர்களை மாறச் சொல்லவில்லை. இடையில் ஏதோ படித்திருப்பார்கள், யாரோடோ பேசியிருப்பார்கள், ஒருவேளை தலைவலி தீர்ந்திருக்கும். இரட்டையோ, பேட்டி முடிந்த அன்றே நின்றுவிட்டவள். அவளைப் பார்ப்பது போன ஆண்டு எடுத்த வகுப்புப் புகைப்படத்தைப் பார்ப்பதைப் போன்றது. அதில் இருப்பது நீங்கள்தான். ஆனால் அந்தச் சீருடை இப்போது உங்களுக்குப் பொருந்தாது.

இத்தகைய இரட்டைகளால் நாட்டுக்குப் பயன் உண்டு என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். ஒரு புதிய திட்டத்தை மக்கள் மீது சுமத்துமுன், இரட்டைகளிடம் சொல்லிப் பார்த்தால் எங்கே எதிர்ப்பு எழும், யாருக்கு இடர் வரும் என்று தெரிந்துவிடும். உண்மைதான். ஆனால், இரட்டைகளைக் கேட்பது எளிது, மலிவு, அவர்கள் எதிர்த்துக் கூச்சலிடமாட்டார்கள். கிராம சபையைக் கூட்டி, வெயிலில் உட்கார்ந்து, முதியவளின் நீண்ட முறையீட்டைக் கேட்பதற்குப் பதிலாக இரட்டைகளின் சபையைக் கூட்டி முடித்துவிடலாமே என்று ஓர் அதிகாரிக்கு என்றேனும் தோன்றாதா? அந்த முதியவள் சபைக்கு வருவது தகவல் தருவதற்கு மட்டுமன்று. தன்னை ஒரு மனுஷியாக மதித்துக் கேட்டார்கள் என்பதற்காகவும்தான்.

வகுப்பில் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “அப்படியானால் மிஸ், என் இரட்டையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு நான் வீட்டில் தூங்கலாமா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஏறக்குறைய அப்படியே ஒன்று இங்கிலாந்தில் நடந்திருக்கிறது என்று சொன்னதும் சிரிப்பு நின்றது.

2020-இல் கொரோனா காரணமாக அங்கே பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் தேர்வு நடைபெறவில்லை. கல்லூரியில் சேர மதிப்பெண் வேண்டுமே! ஆசிரியர்களிடம் ஒவ்வொரு மாணவருக்கும் எதிர்பார்க்கும் தரத்தையும், வகுப்பில் அவர் எத்தனையாவது இடம் என்ற வரிசையையும் கேட்டு வாங்கினார்கள். பிறகு தேர்வுகளை மேற்பார்க்கும் ஆப்குவால் என்ற அமைப்பு ஒரு கணக்கு முறையை வகுத்தது. அது பெரிதும் நம்பியது, அந்தப் பள்ளி முந்தைய மூன்று ஆண்டுகளில் பெற்ற தேர்ச்சியையும் அந்த வரிசையையும்தான். ஆகஸ்டு 13 அன்று முடிவு வந்தபோது, ஆசிரியர்கள் கொடுத்த தரங்களில் சுமார் 39 விழுக்காடு குறைக்கப்பட்டிருந்தன. ஒரு பாடத்தில் மிகச் சிலரே படித்த இடங்களில் மட்டும் ஆசிரியர் சொல் ஏற்கப்பட்டது. அத்தகைய சிறு வகுப்புகள் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிலேயே அதிகம் என்பதால், அவர்களுக்கு ஆதாயம். ஏழைப் பேட்டையில் உள்ள பள்ளியில் ஒரு பெண் இரவு பகலாய்ப் படித்திருந்தாலும், ‘உன் பள்ளியில் இதுவரை யாரும் முதல் தரம் பெற்றதில்லை’ என்பதே அவளுக்குக் கிடைத்த விடை. அவள் எழுதாத தேர்வை அவளுடைய நிழல் எழுதிற்று. அந்த நிழலும் அவளுடையதன்று, அவளுக்கு முன்னே அப்பள்ளியில் படித்தவர்களுடையது! மாணவர்கள் இலண்டனில் வீதிக்கு வந்தார்கள். ஆகஸ்டு 17 அன்று அரசு அக்கணக்கைக் கைவிட்டு, ஆசிரியர் தந்த தரத்தையே ஏற்றுக்கொண்டது. அதற்குள் தாங்கள் விரும்பிய கல்லூரியில் இடத்தை இழந்து தவித்தவர் பலர்.

அதை வகுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆசிரியர்கள் தாராளமாக மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. அந்த அச்சத்திலும் ஓரளவு நியாயம் இருக்கிறது என்று ஓர் ஆசிரியையாகவே ஒப்புக்கொள்கிறேன். மொத்த நாட்டுக்கும் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகவே இருந்தது. ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தபோதுதான் அநியாயம் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் கணிதத்தில் தடுமாறிய பெண், பன்னிரண்டாம் வகுப்பில் அதே பாடத்தில் முதல் வரிசையில் நிற்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு ஓர் இரட்டையைச் செய்து, ‘இவள் எந்தப் பிரிவு எடுக்கலாம்?’ என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்?

மோனிக்கம்மாள் அந்த இரட்டையைக் கேட்டிருந்தால்

பெற்றோர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வரலாற்றை இங்கே நினைவுகூரலாம். புனித அகுஸ்தீன் கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தார். கார்த்தேஜ் நகருக்குப் படிக்கச் சென்று தவறான வாழ்வில் விழுந்தார். மாணிக்கேய மதத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்தார். தாய் மோனிக்கம்மாளை ஏமாற்றிவிட்டு ரோமாபுரிக்குக் கப்பலேறினார். அவருடைய முப்பது வயது வரை நடந்ததை எல்லாம் திரட்டி, இன்றைய விஞ்ஞானத்தால் ஓர் இரட்டையைச் செய்து, “என் மகன் திருந்துவானா?” என்று அந்தத் தாய் கேட்டிருந்தால், “வாய்ப்பில்லை” என்றே அது சொல்லியிருக்கும். அந்த விடையில் கணக்குப் பிழை ஏதும் இருந்திராது. 386-இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அவர் மனம் திரும்பினார். மறு ஆண்டு பாஸ்கு திருவிழாவில் ஆயர் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றார். பழைய கணக்கில் இதற்கு இடமே இல்லை. மோனிக்கம்மாள் அந்த இரட்டையின் பேச்சைக் கேட்டுச் செபத்தை நிறுத்தியிருந்தால்? நல்லவேளை, அக்காலத்தில் அவரிடம் இருந்தது கண்ணீர் மட்டுமே.

இதையே மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் 14 அன்று இத்தாலியில் நடந்த ஜி-7 நாடுகளின் மாநாட்டில் எடுத்துக்காட்டினார். ஒரு திருத்தந்தை அம்மாநாட்டில் பங்கெடுத்தது அதுவே முதல் முறை. கைதி ஒருவர் வெளியே விடப்பட்டால் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணித்துச் சொல்லும் கருவிகளை அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். கைதியின் குற்றம், சிறையில் நடத்தை, இனம், படிப்பு, கடன் எல்லாவற்றையும் கருவி கணக்கில் எடுக்கும். ஆனால் மனிதர் எப்போதும் வளர்ந்துகொண்டே இருப்பவர், தம் செயலால் நம்மை வியக்கவைக்க வல்லவர் என்பதை எந்தக் கருவியாலும் கணக்கில் எடுக்க முடியாது என்பது அவர் கருத்து. ஒப்புரவு அருட்சாதனத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இதை மிகுதியாக விளக்க வேண்டியதில்லை. பழையதை மன்னித்து மறப்பது என்றொன்று நமக்கு உண்டு. இரட்டைக்கு மறதியே கிடையாது.

இறந்தவர்களுக்கும் இரட்டை செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். 2020-இல் தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்று, ஏழு வயதில் இறந்துபோன ஒரு சிறுமியின் உருவத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் உருவாக்கி, கண்ணில் கருவி மாட்டிய தாய்க்கு முன் நடமாடவிட்டது. அந்தத் தாய் காற்றைத் தடவி அழுததைக் கண்டவர்கள் யாரும் அவரைக் குறை சொல்ல முன்வரமாட்டார்கள், நானும் சொல்லேன். ஒருமுறை கண்டு விடைபெறுவது துயருக்கு மருந்தாகலாம். மாதச் சந்தா கட்டி நாள்தோறும் பேசும் வாணிகமாக அது மாறினால், துயரம் ஆறாமல் இருப்பதுதான் வாணிகனுக்கு ஆதாயம். இறந்தோரை நினைத்து நவம்பர் 2-ஆம் நாள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாம், அவர்கள் இறைவனிடத்தில் இருப்பதாக நம்பிச் செபிக்கிறோம். அவர்களைத் திரும்ப நம் கைக்குள் வைத்துக்கொள்ள முயல்வதில்லை.

இவள் யாருக்குச் சொந்தம்?

உயிரோடிருப்பவரின் குரலைத் திருடியும் இரட்டை செய்யலாம். 2024-இல் ஹாங்காங்கில் ஒரு நிறுவனத்தின் ஊழியர், மேலதிகாரியும் சக ஊழியர்களும் கலந்துகொண்டதாகத் தோன்றிய வீடியோ கூட்டத்தில் பங்கெடுத்து, அவர்கள் சொற்படி சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற எல்லாருமே போலி உருவங்கள்! அவ்வளவு பெரிய தொகை நம்மிடம் இல்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். “அம்மா, அவசரம், பணம் அனுப்புங்கள்” என்று மகளின் குரலிலேயே போன் வருவதற்குச் சிறிது நேரக் குரல் பதிவே போதும். அம்மாவும் மகளும் மட்டும் அறிந்த ஒரு சொல்லை இன்றே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் குரலும் முகமும் வெளியே போவது பெரும்பாலும் நம் கையால்தான். பெயர்சூட்டு விழா, பிறந்த நாள், புதுநன்மை விழா, பள்ளி ஆண்டு விழா நடனம் என்று பிள்ளை பேசக் கற்குமுன்பே அவளுடைய நூற்றுக்கணக்கான படங்களை உலகுக்குக் காட்டிவிடுகிறோம். செல்போனில் அவள் எந்தப் படத்தில் எத்தனை விநாடி நின்றாள், எப்போது தூங்கினாள் என்பதும் எங்கோ சேர்ந்துகொண்டே இருக்கிறது. இரட்டை பிறப்பது இப்படித்தான்; அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை.

2017 ஆகஸ்டு 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் என்பது அரசியலமைப்புச் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் வழியில் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. 2025 நவம்பரில் அதற்கான விதிகள் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. அச்சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவரைப் பற்றிய தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் சட்டம் தடுக்கிறது. ஆனால் கல்விப் பணிக்காகவும் மாணவரின் பாதுகாப்புக்காகவும் கல்வி நிலையங்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆகவே மாணவியின் வருகை, மதிப்பெண், நடத்தை இவற்றைச் சேர்த்துவைக்கும் எந்தப் பள்ளிக்கும் பொறுப்பு கூடுகிறது. அந்தக் குறிப்புகளில் எவை எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், மாணவி பள்ளியை விட்டுப் போனபின் எவற்றை அழிக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேட்பதற்குப் பெற்றோர்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்டால் யாரும் வருந்தமாட்டோம்.

தன்னைப் பற்றிய தகவல் தவறானால் திருத்தச் சொல்லவும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தேவையற்றதை அழிக்கச் சொல்லவும் சட்டம் இடம் தருகிறது. 18 வயது வரை இவையெல்லாம் தாய் தந்தையர் கையில். இந்த ஆண்டு நம் பள்ளியிலிருந்து விடைபெறும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியருக்கு, அந்த வயது நிரம்பும் நாளில் வாக்குரிமையோடு இந்த உரிமையும் வந்து சேர்கிறது. அதுவரை பிறர் சேர்த்துவைத்த இரட்டையை அன்று முதல் நீங்களே விசாரிக்கலாம்: அவள் எங்கெங்கே இருக்கிறாள், யாருக்கு என்ன விடை சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று.